கட்டிக்குள் ஒளியும் பூஞ்சை: நுண்ணோக்கி எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?

எங்கள் தாமானில் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். மாலை ஆனால் தெருப் பூனைகளுக்குச் சோறும் மீனும் வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் மூக்கில் புண்ணோடு வந்த ஒரு மஞ்சள் பூனையைத் தூக்கப் போய், அது அவருடைய மோதிர விரலைக் கீறிவிட்டது. மஞ்சள் தூளைத் தடவிவிட்டு அவர் அதை மறந்தே போனார்.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் பச்சைப் பயறு அளவில் ஒரு கட்டி வந்தது. அது உடைந்து புண்ணானது. அடுத்து மணிக்கட்டில் ஒன்று, முன்கையில் இரண்டு என முழங்கையை நோக்கி வரிசையாகக் கட்டிகள் ஏறின. கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மருந்தை இரண்டு முறை முழுதாகச் சாப்பிட்டும் பயனில்லை. “டீச்சர், இது கெட்ட கட்டியாக இருக்குமோ?” என்று அவர் என்னிடம் கேட்டபோது குரல் நடுங்கியது.

அது புற்றுநோய் இல்லை. தோலுக்கு அடியில் குடியேறிய ஒரு பூஞ்சை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதங்கள் ஆயின. மருத்துவமனைக்கு அவருக்குத் துணையாகப் போய் வந்த அந்த நான்கு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

மேலே இருக்கும் பூஞ்சை, உள்ளே இருக்கும் பூஞ்சை

பூஞ்சை நோய் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது படர்தாமரை, தேமல், கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் போன்றவையாக இருக்கும். இவை தோலின் மேலடுக்கில் வாழ்பவை. அந்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் தோல் உயிரணுக்கள் கரைந்து தெளியும். பூஞ்சையின் இழைகள் கரையாமல் நிற்கும். நுண்ணோக்கியில் அவற்றை எளிதாகப் பார்த்துவிடலாம்.

நாம் இன்று பேசப் போவது வேறு வகை. மண்ணிலும், மக்கிய இலையிலும், மரக்கட்டையிலும் அமைதியாக வாழும் சில பூஞ்சைகள் இருக்கின்றன. தாமாகத் தோலைத் துளைத்து உள்ளே வரும் வலிமை அவற்றுக்கு இல்லை. ஒரு முள், ஒரு மரச்சிராய், ஒரு பூனை நகம் வழி திறந்துவிட வேண்டும். செம்பனை மட்டையின் முள் குத்தாத தோட்டப்புறத்துக் கை உண்டா? பெரும்பாலான நேரங்களில் நம் உடல் அந்தக் கிருமியை அழித்துவிடுகிறது. சில நேரங்களில் அது உள்ளேயே தங்கி, வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் மெல்ல வளர்கிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டி, புண், வீக்கம் மட்டுமே தெரியும். தோலில் வரும் காசநோயும் இப்படித்தான் இருக்கும். மீன் தொட்டி கழுவுவோருக்கு வரும், காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரப் பாக்டீரியா ஒன்றும் இதே போலக் கையில் வரிசையாகக் கட்டிகளை ஏற்றும். சில தோல் புற்றுநோய்களும் இதே தோற்றம் தரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து பெரும்பாலும் மற்றொன்றைக் குணப்படுத்தாது. ஆகவே “பார்த்தாலே தெரிகிறது” என்று இதில் யாராலும் சொல்ல முடியாது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஊசியால் எடுப்பது, கத்தியால் எடுப்பது

அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது உயிரணுப் பரிசோதனை. மெல்லிய ஊசி ஒன்றைக் கட்டிக்குள் செலுத்தி, கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். வருவது ஓரிரு துளிதான். அதை ஸ்லைடு எனப்படும் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டுப் பார்ப்பார்கள். புண் திறந்திருந்தால் ஊசிகூடத் தேவையில்லை. ஸ்லைடைப் புண்மேல் மெதுவாக அழுத்தி எடுத்தாலே உயிரணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். இதற்குத் தையல் வேண்டாம், செலவும் குறைவு. பல நேரங்களில் அன்றே முடிவு தெரிந்துவிடும்.

இரண்டாவது திசுப் பரிசோதனை. நாம் பயாப்ஸி என்று கேள்விப்படுவது இதைத்தான். மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலும் அதன் அடிப்பகுதியும் சேர்ந்த ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பார்கள்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பானையிலிருந்து ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது போன்றது முதலாவது. சோறு வெந்ததா இல்லையா என்பது தெரியும், பானைக்குள் எது எங்கே இருக்கிறது என்பது தெரியாது. இரண்டாவது, குவே லாப்பிஸை நேராக வெட்டி அதன் அடுக்குகளைப் பார்ப்பது போன்றது. எந்த அடுக்கில் என்ன நடக்கிறது, உடல் எப்படி எதிர்க்கிறது, கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்ற முழுக் காட்சியும் கிடைக்கும்.

வெட்டியெடுத்த துண்டை முதலில் ஃபார்மலினில் போடுவார்கள். அது திசுவை அழுகவிடாமல், இருந்தது இருந்தபடியே நிலைநிறுத்தும். பிறகு ஆல்கஹாலால் நீரை நீக்கி, உருகிய பாரஃபின் மெழுகை உள்ளே இறக்கி, கட்டியாக உறைய வைப்பார்கள். அந்த மெழுகுக் கட்டியை மைக்ரோட்டோம் என்ற கருவி சீவும். ஒவ்வொரு சீவலின் தடிமனும் ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர். உங்கள் மேசையில் இருக்கும் ஒரு சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர். அதாவது, அப்படிப்பட்ட 25 சீவல்களை அடுக்கினால்தான் ஒரு தாளின் கனம் வரும். அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும்.

சாயம் இல்லாமல் சாட்சி இல்லை

நிறமில்லாத உயிரணுக்களைச் சாயமின்றிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கன்ன உயிரணுவுக்கு மெத்திலீன் நீலமும், வெங்காயத் தோலுக்கு அயோடினும் இடுவது நினைவிருக்கிறதா? அதே தத்துவம்தான் இங்கும்.

நோயியல் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் பயன்படுவது ஹெமடாக்சிலின், இயோசின் என்ற இரட்டைச் சாயம். ஹெமடாக்சிலின் உயிரணுவின் கருவை நீலமாக்கும். இயோசின் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். இந்தச் சாயத்தில் உடலின் எதிர்வினை மிகத் தெளிவாகத் தெரியும். பூஞ்சையோ பல நேரங்களில் சுற்றியுள்ள திசுவோடு நிறம் கலந்து மறைந்துவிடும்.

ஆகவே பூஞ்சையை மட்டும் தனித்துக் காட்டும் சாயங்கள் தேவைப்படுகின்றன. பூஞ்சைக்கு நம் உயிரணுக்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. அதுதான் தடித்த உயிரணுச் சுவர். அந்தச் சுவர் கைட்டின், குளுக்கான் போன்ற கூட்டுச் சர்க்கரைகளால் ஆனது. சாயம் குறிவைப்பது அந்தச் சர்க்கரையைத்தான்.

பிஏஎஸ் எனப்படும் சாயமுறையில், பெரியோடிக் அமிலம் அந்தச் சர்க்கரைகளை ஆக்சிஜனேற்றம் செய்து ஆல்டிஹைடுகளாக மாற்றுகிறது. ஷிஃப் கரைசல் அந்த ஆல்டிஹைடுகளோடு சேர்ந்து கத்தரிப்பூ கலந்த சிவப்பு நிறம் தருகிறது. பூஞ்சையின் சுவர் சிவப்பாக ஒளிரும்.

கோமோரி வெள்ளிச் சாயமுறையில், குரோமிக் அமிலம் முதலில் ஆல்டிஹைடை உண்டாக்குகிறது. பிறகு வெள்ளி உப்புக் கரைசல் ஊற்றப்படுகிறது. ஆல்டிஹைடு வெள்ளி அயனியை ஒடுக்கி, உலோக வெள்ளியாகப் படிய வைக்கிறது. பச்சைப் பின்னணியில் பூஞ்சை கன்னங்கரேலென்று தெரியும். படிவம் 6 வேதியியல் மாணவர்களே, இது உங்களுக்குப் பழகிய வினைதான். சோதனைக் குழாயின் உட்புறத்தில் வெள்ளிக் கண்ணாடி படியச் செய்யும் டோலன்ஸ் சோதனையின் தத்துவம் இதுவே. நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அதே வினை, மருத்துவமனையில் ஒருவரின் கையைக் காப்பாற்றுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. திசுவில் உள்ள வேறு சில பொருள்களும் இந்தச் சாயங்களை ஏற்கும். கறுப்பாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல. வடிவம், அளவு, அது பிரியும் விதம் மூன்றையும் பார்த்துத்தான் நோயியல் மருத்துவர் முடிவு செய்வார்.

உடல் எழுதும் கையெழுத்து

கிருமியைத் தேடும் முன்னரே, உடல் செய்திருக்கும் வேலை ஒரு குறிப்பைத் தரும். எளிதில் கொல்ல முடியாத எதிரி உள்ளே வந்தால், நம் வெள்ளை உயிரணுக்கள் அதைச் சுற்றி அரண் கட்டுகின்றன. விழுங்கும் உயிரணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி, சில ஒன்றாகவே இணைந்து, பல கருக்கள் கொண்ட அரக்க உயிரணுக்களாகின்றன. இந்த அரணுக்குக் கிரானுலோமா என்று பெயர்.

காசநோயிலும் கிரானுலோமா வரும். அங்கே பொதுவாக அரணின் நடுப்பகுதி பாலாடைக் கட்டி போல நைந்து இறந்திருக்கும். தோலடிப் பூஞ்சை நோய்களில் பெரும்பாலும் நடுவில் சீழ் உயிரணுக்கள் கூட்டமாக இருக்கும். அரணும் சீழும் சேர்ந்து தெரிந்தால், அனுபவமுள்ள நோயியல் மருத்துவர் உடனே பூஞ்சைச் சாயங்களைக் கேட்டு அனுப்புவார். சில வேளைகளில் நோயாளி என்றோ மறந்துபோன மரச்சிராயின் ஒரு துணுக்கே அந்தச் சீவலில் கிடந்து, கதை முழுவதையும் சொல்லிவிடும்.

மூன்று நோய், மூன்று அடையாளம்

தோலடிப் பூஞ்சைகளில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் நுண்ணோக்கியின் கீழ் தனி முகம் இருக்கிறது.

முதலாவது மைசெட்டோமா. தமிழர்களான நாம் அறிந்திருக்க வேண்டிய நோய் இது. 1842இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், பாதம் வீங்கி, பல துளைகள் விழுந்து, சீழ் வடியும் நோயாளிகளைப் பற்றிப் பதிவு செய்தார். அதனாலேயே ‘மதுரைப் பாதம்’ என்ற பெயர் உலக மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. பிறகு பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர் இதற்குக் காரணம் பூஞ்சை என்று காட்டி, மைசெட்டோமா என்று பெயரிட்டார். மருத்துவ மாணவர்கள் அறிந்த ‘கிரேயின் உடற்கூற்றியல்’ நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே.

மைசெட்டோமாவின் அடையாளம் குருணை. சீழோடு கடுகை விடச் சிறிய மணிகள் வெளிவரும். ஒவ்வொரு மணியும் கிருமிகளின் கூட்டுக் குடியிருப்பு. ஆனால் எல்லாக் குருணையும் பூஞ்சை அல்ல. இழை போல வளரும் பாக்டீரியாக்களும் இதே குருணையை, இதே வீக்கத்தை உண்டாக்கும். குருணையை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை தெரியும். பூஞ்சையின் இழைகள் 2 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்தவை. பாக்டீரியாவின் இழைகள் 1 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. இந்த ஒரு மைக்ரோமீட்டர் வேறுபாடுதான் சிகிச்சையை நிர்ணயிக்கிறது. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக் மருந்தே பெரும்பாலும் குணப்படுத்தும். பூஞ்சை என்றால் நீண்டகாலப் பூஞ்சைக்கொல்லி மருந்தோடு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். தவறாகக் கணித்தால் போவது மாதங்கள் மட்டுமல்ல, சில வேளைகளில் காலே போய்விடும்.

இரண்டாவது குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ். பெயர் வாயில் நுழையாது, ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்காது. பெரும்பாலும் காலில், காலிஃபிளவர் போலத் தடித்து வளரும் புண் இது. இதை உண்டாக்கும் பூஞ்சைகளின் சுவரில் மெலனின் இருக்கிறது. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே மெலனின்தான். ஆகவே இதைப் பார்க்கச் சிறப்புச் சாயம்கூடத் தேவையில்லை. 5 முதல் 12 மைக்ரோமீட்டர் அளவில், தடித்த சுவரோடு, பழுப்பு நிற உருண்டைகளாகத் தெரியும். பழைய செப்புக் காசுகளைக் குவித்து வைத்தது போல என்று மருத்துவ ஆசிரியர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். சில உருண்டைகளின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் விழுந்திருக்கும். இவற்றுக்கு மெட்லார் உருண்டைகள் என்று பெயர்.

இந்த நோயில் தோலின் மேலடுக்கு தாறுமாறாகத் தடித்து உள்ளே இறங்குவதால், மேலோட்டமாகப் பார்த்தால் தோல் புற்றுநோய் என்றே தோன்றும். நான்கைந்து செப்புக் காசுகளைக் கண்டுவிட்டால் அந்த அச்சம் தீர்ந்தது.

மூன்றாவது, நம் மலேசியாவுக்கு மிக நெருக்கமான ஸ்போரோட்ரிக்கோசிஸ். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்தது இதுதான்.

பூனையிடம் நிறைய, மனிதரிடம் கொஞ்சம்

இந்தப் பூஞ்சையை 1896இல் அமெரிக்காவில் முதன்முதலில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்தவர் பெஞ்சமின் ஷெங்க். அவர் பெயராலேயே ஸ்போரோத்ரிக்ஸ் ஷெங்கீ என்று அழைக்கப்படுகிறது. 1940களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், சுரங்கத்தைத் தாங்கிய மரத்தூண்களில் வளர்ந்த இந்தப் பூஞ்சை ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களைத் தாக்கியது. முள்ளும் மரமும்தான் இதன் வழக்கமான வாகனம்.

நம் நாட்டில் வாகனம் வேறு. இங்கே இந்நோய் பெரும்பாலும் பூனை வழியாக வருகிறது. மலேசியப் பூனைகளிடமிருந்து எடுத்த கிருமிகளை மரபணு வழி ஆராய்ந்தபோது, அவை ஸ்போரோத்ரிக்ஸ் ஷெங்கீ என்ற இனமே என்று தெரியவந்தது. பிரேசிலிலும் 1998 முதல் பூனை வழியாக இந்நோய் பெருமளவில் பரவியிருக்கிறது. அங்கே காரணமான இனம் ஸ்போரோத்ரிக்ஸ் பிரேசிலியென்சிஸ்.

இந்தப் பூஞ்சை இரட்டை வேடக்காரன். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மண்ணில், இழை இழையாகப் படர்ந்து வளரும். 37 டிகிரியில், உடலுக்குள், ஈஸ்ட் போலத் தனித்தனி உயிரணுக்களாக மாறிவிடும். அந்த ஈஸ்ட் உயிரணு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். சில வேளைகளில் சுருட்டு வடிவில் நீண்டிருக்கும். நம் சிவப்பணுவின் விட்டம் 7 மைக்ரோமீட்டர். இந்த ஈஸ்ட் உயிரணுக்களில் பல அதை விடச் சிறியவை.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். பூனையின் புண்ணில் இந்தக் கிருமி கூட்டம் கூட்டமாக இருக்கும். ஒரு ஸ்லைடை அழுத்தி எடுத்துச் சாயமிட்டால் கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் தெரியும். மனிதரின் புண்ணிலோ மிகச் சிலவே இருக்கும். பல சீவல்களைத் தேடியும் ஒன்றுகூடச் சிக்காமல் போவது சாதாரணம். சில வேளைகளில் கிருமியைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் போல இளஞ்சிவப்புப் பொருள் படிந்திருக்கும். இந்த நட்சத்திர உருவைக் கண்டால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அதுவும் எல்லாரிடமும் கிடைக்காது.

ஆகவே, “திசுவில் பூஞ்சை தென்படவில்லை” என்ற அறிக்கைக்கு “பூஞ்சை இல்லை” என்று பொருள் அல்ல. இந்த வேறுபாட்டை நோயாளிகளும் குடும்பத்தாரும் புரிந்துகொள்வது மிக அவசியம்.

அறிக்கையில் வராத பூனை

அக்காவின் கதையில் நடந்தது இதுதான். மருத்துவமனையில் முதல் நாள், “வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா?” என்று மருத்துவர் கேட்டார். “இல்லை” என்றார் அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. அது அவர் வளர்க்கும் பூனை இல்லையே! தெருவில் திரிந்து, சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போகும் பூனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

பூனை இல்லை என்றதும் காசநோயோ புற்றுநோயோ என்ற திசையில் சந்தேகம் போனது. எடுத்த திசு முழுவதும் ஃபார்மலினில் போடப்பட்டது. ஃபார்மலின் திசுவைக் காக்கும், ஆனால் கிருமியைக் கொன்றுவிடும். கொன்ற கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. கிரானுலோமாவோடு கூடிய நாட்பட்ட அழற்சி இருக்கிறது, புற்றுநோய் அறிகுறி இல்லை, கிருமி எதுவும் தென்படவில்லை.

அடுத்த சந்திப்புக்குள் மஞ்சள் பூனையின் மூக்குப் புண் பெரிதாகியிருந்தது. அக்கா மனம் கேட்காமல் அதைக் கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். அவர் புண்மேல் ஒரு ஸ்லைடை அழுத்தி எடுத்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு அக்காவின் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். “உங்கள் மருத்துவரிடம் இந்தப் பூனையைப் பற்றிச் சொன்னீர்களா?” என்று கேட்டார்.

மறுவாரம் மீண்டும் ஒரு சிறு திசு எடுக்கப்பட்டது. இம்முறை அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதி ஃபார்மலினில், நுண்ணோக்கிக்காக. மறு பாதி உப்புநீரில், கிருமியை வளர்ப்பதற்காக. வெள்ளிச் சாயமிட்ட சீவலில் இரண்டே இரண்டு ஈஸ்ட் உயிரணுக்கள் கிடைத்தன. வளர்ப்புத் தட்டிலோ பத்து நாளில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்து நின்றது. சந்தேகம் தீர்ந்தது. இட்ராகோனசோல் மாத்திரை தொடங்கி ஐந்து மாதத்தில் கட்டிகள் அடங்கின. கையில் தழும்பு மட்டும் மிச்சம்.

இரண்டாம் முறை நுண்ணோக்கி மாறவில்லை, சாயம் மாறவில்லை. மாறியது நோயாளி சொன்ன ஒரு செய்தி மட்டுமே. அந்தச் செய்தி இருந்ததால் திசு சரியாகப் பிரிக்கப்பட்டது. நோயியல் மருத்துவரும் எதைத் தேடுகிறோம் என்று அறிந்து, கூடுதல் சீவல்களைப் பொறுமையாகத் தேடினார்.

நுண்ணோக்கிக்கும் எல்லை உண்டு

நுண்ணோக்கி எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இது பூஞ்சைதான், இன்ன வகையைச் சேர்ந்தது என்பதை அது பல நேரங்களில் விரைவாகச் சொல்லும். அது எந்த இனம் என்பதை உறுதியாகச் சொல்ல வளர்ப்புச் சோதனையோ மரபணுச் சோதனையோ வேண்டும். வளர்ப்புச் சோதனைக்குச் சில நாள் முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். ஆனால் வளர்ந்தது உண்மையான குற்றவாளியா, காற்றில் வந்து விழுந்த வழிப்போக்கனா என்ற கேள்வியும் எழும். திசுவுக்குள் பூஞ்சை இருந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி நுண்ணோக்கி மட்டுமே. ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அல்ல.

இந்த நோய்கள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. பாதிக்கப்படுவோரில் பலர் வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் ஏழைகள் என்பது அதற்கு ஒரு காரணம். உலகச் சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் மைசெட்டோமாவை 2016இல் சேர்த்தது. குரோமோபிளாஸ்டோமைக்கோசிசும் மற்ற ஆழ்பூஞ்சை நோய்களும் 2017இல் சேர்க்கப்பட்டன.

நீங்கள் செய்ய வேண்டியது

இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத கட்டியோ புண்ணோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் மருந்து முடிந்தும் குணமாகவில்லை என்றால் மீண்டும் போய்ச் சொல்லுங்கள். மீதமிருக்கும் மருந்தையோ பக்கத்து வீட்டார் தந்த களிம்பையோ நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு வீக்கத்தைக் குறைப்பது போலக் காட்டி, பூஞ்சைக்கு வசதி செய்து கொடுத்துவிடும்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பூனை கீறியதா, கடித்ததா? அது உங்கள் பூனையாக இருக்க வேண்டியதில்லை. முள் குத்தியதா? மண் வேலை செய்தீர்களா? மீன் தொட்டி கழுவினீர்களா? எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள்? எப்போது தொடங்கியது? ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாலும் நல்லதே. பயாப்ஸி எடுக்கும்போது, “கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்புவீர்களா, டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

பூனை வளர்ப்போருக்கும், வளர்க்காமலே சோறு வைப்போருக்கும் ஒரு வார்த்தை. மூக்கிலோ காதிலோ பாதத்திலோ ஆறாத புண்ணுள்ள பூனையை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை அணிந்து, கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கீறல் பட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். அதற்காகப் பூனையைத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். விரட்டப்பட்ட பூனை மற்றப் பூனைகளோடு சண்டையிட்டு நோயை மேலும் பரப்பும். பூனைக்கும் மருந்து உண்டு. மாதக் கணக்கில் பொறுமையாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் உங்கள் பிள்ளை வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து வந்தால், “இது எதற்குப் பயன்படப் போகிறது?” என்று கேட்காதீர்கள். அக்காவின் கையில் இருந்த நோயைக் கண்டுபிடித்தவரும் ஒரு காலத்தில் வெங்காயத் தோலில்தான் தொடங்கியிருப்பார். அந்த மஞ்சள் பூனை இப்போதும் மாலையில் வருகிறது. யார் கேட்டாலும் அக்கா இப்போது சொல்லும் பதில், “ஆமாம், பூனை இருக்கிறது” என்பதே.